பழைய ஜீப்பின் பின்விளக்குகள்: பிரேக் லைட், டெய்ல் லைட் கோளாறைத் தேடிப் பிடித்துச் சரிசெய்ய முழு வழிகாட்டி

பழைய ஜீப் வைத்திருப்பவரிடம் பின்விளக்கைப் பற்றிப் பேச்செடுத்தால் பெரும்பாலும் வரும் பதில் இதுதான்: "பல்பு மாத்தினேன் அண்ணே, ரெண்டு நாள் எரிஞ்சுது, மறுபடி போயிடுச்சு." பல்பு போயிருக்காது. கழற்றி மாட்டும்போது ஹோல்டரில் இருந்த துரு கொஞ்சம் உரசிப்போய், இரண்டு நாளைக்குக் காண்டாக்ட் கிடைத்திருக்கும், அவ்வளவுதான். துரு திரும்ப ஏறியதும் விளக்கும் படுத்துவிடும்.

பர்மாவில் இந்தத் தொல்லை மற்ற ஊர்களைவிட அதிகம். ரங்கூனில் வருஷத்துக்குச் சுமார் 2,700 மில்லிமீட்டர் மழை. மோல்மேன் பக்கம் போனால் 4,800 வரைகூடப் போகும். மே நடுவில் பிடிக்கும் மழை அக்டோபர் வரை விடாது. அதற்கும் முன்னாலேயே, ஏப்ரலில் திஞ்சான், அதாவது பர்மியப் புத்தாண்டுத் தண்ணீர்த் திருவிழா, வந்துவிடுகிறது. மேல்மூடி இல்லாத ஜீப்பில் ஆட்களை ஏற்றிக்கொண்டு ஊரைச் சுற்றி, குழாய் வைத்து அடிக்கும் தண்ணீரையெல்லாம் வாங்கிக்கொண்டு வருகிற வண்டியின் டெய்ல் லைட்டைத் திறந்து பார்த்திருக்கிறீர்களா? உள்ளே தண்ணீர் தேங்கி நிற்கும்.

இரண்டாவது காரணம், வண்டி பல கை மாறியிருப்பது. யுத்தகாலத்து ஜீப்புகள் இங்கே எழுபது எண்பது வருஷமாக ஓடுகின்றன. ஒவ்வொரு கையிலும் ஓர் எலக்ட்ரீஷியன் ஒரு ஒயரை வெட்டி இன்னொன்றை முறுக்கி டேப் சுற்றியிருப்பார். 2011இல் பழைய வண்டியை ஒப்படைத்தால் புது வண்டி இறக்குமதி செய்ய பர்மிட் கிடைக்கும் என்று அரசாங்கம் அறிவித்தபோது, 40 வருஷத்துக்கு மேற்பட்ட வண்டிகள்தான் முதலில் இரும்புக்கடைக்குப் போயின. அதில் தப்பியவற்றை இன்று ஆசைக்காக வைத்திருக்கிறோம். பெயிண்டுக்கும் சீட்டுக்கும் செலவு செய்கிற அளவுக்கு ஒயரிங்கை யாரும் பார்ப்பதில்லை.

ஆனால் இந்த நாட்டில் பிரேக் லைட்டுக்கு வேறெங்கும் இல்லாத ஒரு முக்கியத்துவம் உண்டு. 1970 டிசம்பர் 6 முதல் இங்கே வண்டிகள் சாலையின் வலப்பக்கம் போகின்றன. ஸ்டியரிங்கோ பெரும்பாலான வண்டிகளில் இன்னும் வலப்பக்கமே இருக்கிறது. அதாவது உங்களுக்குப் பின்னால் வரும் டிரைவர் ஓரமாக உட்கார்ந்திருக்கிறார். உங்கள் வண்டியைத் தாண்டி முன்னால் என்ன நடக்கிறது என்று அவரால் எட்டிப் பார்க்க முடியாது. நீங்கள் நிற்கப் போகிறீர்கள் என்பது அவருக்குத் தெரிய உங்கள் பிரேக் லைட்டைத் தவிர வேறு வழியில்லை.

என் வாதம் ஒன்றே ஒன்றுதான். பின்விளக்குக் கோளாறு என்றால் பல்பில் தொடங்காதீர்கள், ஒயரிலும் தொடங்காதீர்கள். மின்சாரம் பல்புக்குப் போகிற வழியை எல்லோரும் தேடுகிறார்கள். அது பல்பிலிருந்து பேட்டரிக்குத் திரும்பி வருகிற வழியை, அதாவது எர்த்தை, யாரும் பார்ப்பதில்லை. பழைய வண்டியில் துருப்பிடிப்பது அந்த வழிதான்.

கையில் இருப்பது எந்த வண்டி

எல்லாம் பார்வைக்கு ஜீப்தான், உள்ளே ஒயரிங் வேறு வேறு. யுத்தகாலத்து வில்லிஸ் எம்.பி., அதே அச்சில் ஃபோர்டு செய்த ஜி.பி.டபிள்யூ. இரண்டும் 6 வோல்ட், நெகட்டிவ் எர்த் (பேட்டரியின் நெகட்டிவ் பக்கம் வண்டியின் இரும்போடு சேர்ந்திருக்கும்). யுத்தம் முடிந்ததும் பொதுமக்களுக்காக வந்த சி.ஜே. 2ஏ-வும் 6 வோல்ட். 1950இல் வந்த ராணுவ எம் 38 மட்டும் 24 வோல்ட். இவை தவிர, வேறு எஞ்சின் ஏற்றி 12 வோல்ட்டுக்கு மாற்றப்பட்டவை நம்மூரில் ஏராளம். பழைய லேண்ட் ரோவர், மோரிஸ் மைனர் போன்ற இங்கிலீஷ் வண்டிகளில் 1960களின் பிற்பகுதி வரை பாசிட்டிவ் பக்கம்தான் எர்த். கீழே நான் நெகட்டிவ் எர்த்தை வைத்தே சொல்கிறேன். உங்களுடையது பாசிட்டிவ் எர்த் என்றால் நான் பேட்டரி நெகட்டிவ் என்று சொல்லும் இடத்தில் பாசிட்டிவையும், பாசிட்டிவ் என்று சொல்லும் இடத்தில் நெகட்டிவையும் எடுத்துக்கொண்டு, மல்டிமீட்டரின் சிவப்பையும் கறுப்பையும் மாற்றிப் பிடித்துக்கொள்ளுங்கள், மற்றதெல்லாம் அதேதான்.

பேட்டரியில் 6 என்று எழுதியிருப்பதை மட்டும் நம்ப வேண்டாம், மீட்டரை வைத்துப் பாருங்கள். 12 வோல்ட் பல்பை 6 வோல்ட் வண்டியில் மாட்டிவிட்டு "மங்கலா எரியுதே" என்று ஒயரிங் முழுதும் பிரிப்பவர்கள் உண்டு.

எம்.பி. வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு செய்தி. ஒரிஜினல் லைட் சுவிட்ச் அப்படியே இருந்தால், அது உள்ளே தள்ளி அணைந்த நிலையில் இருக்கும்போது பிரேக்கை எவ்வளவு அமுக்கினாலும் பிரேக் லைட் எரியாது. இது கோளாறு இல்லை. எதிரி விமானத்துக்குத் தெரியக்கூடாது என்று ராணுவம் அப்படித்தான் வைத்தது. முதல் இழுப்பில் இருட்டடிப்பு விளக்குகள், அடுத்ததில் சாதாரண விளக்குகள், கடைசிவரை இழுத்தால் பகலில் ஓட்டும்போது பிரேக் லைட் மட்டும். பின்னால் இடப்பக்க விளக்கின் மேல்பகுதியில்தான் சாதாரண டெய்ல் லைட்டும் பிரேக் லைட்டும் இருக்கும். வலப்பக்கத்தில் இருப்பவை இருட்டடிப்புக்கு உரியவை மட்டும். ஆகவே "வலது பக்கம் எரியலை" என்று வருத்தப்பட்டால் ஒரிஜினலாகவே அது எரியக்கூடாது என்று தெரிந்துகொள்ளுங்கள். சாலையில் ஓட்டுவதாக இருந்தால் இருபக்கமும் எரியும்படி மாற்றிக்கொள்வதே நல்லது. காட்சிக்கு வைக்கிற வண்டி என்றால் உங்கள் விருப்பம்.

கையில் எடுத்துக்கொள்ள வேண்டியவை

ஒரு மீட்டர். ஒரு டெஸ்ட் லாம்ப், ஆனால் கடையில் விற்கிற பேனா மாதிரி சின்னது வேண்டாம். பழைய பிரேக் லைட் பல்பு ஒன்றை ஹோல்டரோடு எடுத்து, இரண்டு நீள ஒயரும் முதலைக் கிளிப்பும் போட்டு நீங்களே செய்துகொள்ளுங்கள். பல்பு உங்கள் வண்டியின் வோல்ட்டேஜுக்கு உரியதாக, 21 வாட்டாக இருக்க வேண்டும். பேட்டரி நெகட்டிவிலிருந்து பின்பக்க பம்பர் வரை எட்டுகிற நீளத்தில் ஒரு தடித்த ஜம்பர் ஒயர். உப்புத்தாள், கம்பி பிரஷ், ஒட்டும் டேப்பில் நம்பர் எழுத ஒரு பேனா. பிரேக் மிதிக்க ஓர் ஆள்.

21 வாட் பல்பு எதற்கு என்றால், மீட்டரின் ஓம் அளவு, அதாவது மின்தடை அளவு, பழைய வண்டியில் பொய் சொல்லும். முப்பது இழை உள்ள ஒயரில் இருபத்தொன்பது அறுந்து ஒன்று மட்டும் மிஞ்சியிருந்தாலும் மீட்டர் "சரி" என்றுதான் காட்டும், ஏனென்றால் அது அனுப்புகிற மின்சாரம் கொஞ்சம்தான். நிஜமான சுமையை இழுக்கச் சொன்னால் அந்த ஓர் இழை தாங்காது. 21 வாட் பல்பு அந்தச் சுமையைக் கொடுக்கும்.

முதல் வேலை: தொடாமல் பார்ப்பது

பொழுது சாயும் நேரத்தில் வண்டியின் பின்பக்கத்தை ஒரு சுவரைப் பார்த்து நிறுத்துங்கள். எஞ்சினை ஓட விட்டு, ஆளை பிரேக்கில் உட்கார வையுங்கள். லைட்டைப் போடாமல் பிரேக், பிறகு லைட் போட்டு பிரேக் விட்டு, பிறகு இரண்டும் சேர்த்து. இண்டிகேட்டர் இருந்தால் அதையும் சேர்த்து ஒரு சுற்று. "தம்பி, அமுக்கு. விடு. மெதுவா அமுக்கு. இப்ப ஓங்கி அமுக்கு." மெதுவாக அமுக்குவதும் ஓங்கி அமுக்குவதும் தனித்தனிச் சோதனைகள், இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ரங்கூன் – பகோ ரோட்டில் ஷ்வே ஞாவ்ங் பின் ஆலமரத்தின் முன்னால் புது வண்டியை மூன்று முறை முன்னும் பின்னும் நகர்த்திக் கும்பிட வைப்பார்கள். அங்கே வரிசையில் காத்திருக்கும்போது முன்னால் நிற்கும் வண்டிகளின் பின்விளக்கைக் கவனித்தாலே இந்தக் கலை பாதி வந்துவிடும்.

பார்த்ததை இப்படிப் பிரித்துக்கொள்ளலாம்.

லைட் போட்டிருக்கும்போது பிரேக்கை அமுக்கினால் அந்தப் பக்க டெய்ல் லைட் மங்குகிறது, அல்லது ஒட்டுமொத்தமாக அணைகிறது. பிரேக்கை அமுக்கினால் இண்டிகேட்டரும் லேசாக மினுக்குகிறது. இப்படி ஒன்று மற்றொன்றில் கைவைத்தால் அந்த விளக்கின் எர்த் போய்விட்டது என்று எடுத்துக்கொள்ளுங்கள். திரும்ப வழியில்லாத மின்சாரம் பல்புக்குள் பக்கத்து இழை (ஃபிலமெண்ட்) வழியாகச் சுற்றிக்கொண்டு ஊர் போய்ச் சேரப் பார்க்கிறது.

பிரேக்கை அமுக்கினால் டாஷ்போர்டு விளக்கும் முன்பக்கச் சின்ன விளக்கும் எரிகின்றனவா? டெய்லுக்கு ஒன்று, பிரேக்குக்கு ஒன்று என இரட்டை இழை பல்பு இருக்க வேண்டிய இடத்தில் யாரோ ஒற்றை இழை பல்பை மாட்டியிருப்பார்கள். அதன் அடிக்குமிழ் இரண்டு காண்டாக்டையும் சேர்த்துத் தொட்டு, பிரேக் மின்சாரத்தை டெய்ல் லைட் ஒயருக்குள் தள்ளிவிடும். பல்புக்குள்ளேயே ஓர் இழை அறுந்து மற்றதன்மேல் விழுந்தாலும் இதே கூத்துதான்.

டெய்ல் லைட் பளிச்சென்றும் பிரேக் லைட் மந்தமாகவும் இருந்தால் இரண்டு ஒயரும் மாறியிருக்கும், அல்லது பல்பு தலைகீழாக ஏறியிருக்கும். இரட்டை இழை பல்பின் பக்கவாட்டு ஊசிகள் இரண்டும் ஒரே உயரத்தில் இருக்காது, தவறாக மாட்டக்கூடாது என்பதற்காகவே அப்படி. ஒரு பக்க ஊசியை அரத்தால் ராவிவிட்டுத் திருகி மாட்டியிருக்கும் வண்டிகள் உண்டு.

இருபக்கமும் பிரேக் லைட் இல்லை, டெய்ல் லைட் மட்டும் ஒழுங்காக எரிகிறது என்றால் பிரேக் சுவிட்ச் பக்கம் போங்கள். இரண்டுமே இருபக்கமும் இல்லை என்றால் ஃபியூஸ், மெயின் சுவிட்ச் (லைட்டைப் போடும் சுவிட்ச்), அல்லது பாடிக்கும் சேஸிஸுக்கும் நடுவிலான எர்த்.

பல்பும் ஹோல்டரும்

இதில் அதிக நேரம் செலவழிக்க வேண்டாம். பல்பைக் கழற்றி, வெளியே பேட்டரியில் நேராகத் தொட்டுப் பாருங்கள், இரண்டு இழையையும் தனித்தனியாக. 6 வோல்ட்டுக்கு 1154, 12 வோல்ட்டுக்கு 1157 என்ற எண் இருக்கும். இங்கிலீஷ் வண்டிகளில் 12 வோல்ட் பல்பு 380. எம்.பி.யில் ஒரிஜினலாக வந்தது பல்பு தனியாகக் கழலாத, மூடிய டப்பா போன்ற யூனிட். அது இன்று பெரும்பாலான வண்டிகளில் இல்லை, சாதாரண பல்பு ஹோல்டர்தான் இருக்கும்.

ஹோல்டருக்குள் உப்புத்தாளைச் சுருட்டி விட்டுத் துடையுங்கள். அடியில் உள்ள ஸ்பிரிங்குகளை விரலால் அழுத்திப் பாருங்கள். திரும்பி எழவில்லை என்றால் துருவில் இறுகியிருக்கிறது, அந்த ஹோல்டரை மாற்றுவதுதான் வழி. ஹோல்டர் விளக்கின் உடம்போடு ரிவெட்டால் சேர்ந்திருக்கிற இடத்தையும் மறக்காதீர்கள். அந்த ரிவெட்டுக்கு அடியில் துரு ஏறியிருந்தால் வெளியே எவ்வளவு சுரண்டினாலும் பலனில்லை. பல்புக்கு எர்த் கிடைப்பது அந்த ரிவெட் வழியாகத்தான்.

எர்த்

விளக்கை எரியவிட்டு, ஜம்பர் ஒயரின் ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவிலும் மறுமுனையை விளக்கின் இரும்பு உடம்பிலும், பெயிண்ட் இல்லாத இடமாகப் பார்த்து, வையுங்கள். பளிச்சென்று ஆகிவிட்டதா? கோளாறு எர்த்தில். உடம்பில் வைத்தும் மாற்றமில்லை, பல்பின் பித்தளைக் கழுத்தில் வைத்தால்தான் மாறுகிறது என்றால் ஹோல்டருக்கும் உடம்புக்கும் நடுவில், மேலே சொன்ன ரிவெட்டில்.

இதையே மீட்டரால் அளந்தும் பார்க்கலாம். விளக்கு எரிந்துகொண்டிருக்க வேண்டும், அது முக்கியம். மீட்டரை வோல்ட்டில் வைத்து, ஒரு முனை பேட்டரி நெகட்டிவ் கம்பத்தில், மறுமுனை விளக்கின் உடம்பில். 0.1 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது, 0.2க்கு மேல் போனால் வேலை இருக்கிறது. அரை வோல்ட்டைத் தாண்டினால் வேறு எதையும் தொடாமல் எர்த்தைத்தான் முதலில் முடிக்க வேண்டும்.

எங்கே அடைத்திருக்கிறது என்பதைக் கண்டுபிடிக்க மீட்டரின் பேட்டரி முனையை அப்படியே விட்டுவிட்டு மற்ற முனையை ஒவ்வொரு படியாக முன்னோக்கிக் கொண்டுபோங்கள்: விளக்கின் உடம்பு, அதை மாட்டிய போல்ட், பின்பக்கத் தகடு, சேஸிஸ், பேட்டரி எர்த் ஒயர் சேஸிஸில் மாட்டியுள்ள இடம். எந்த இரண்டு இடத்துக்கு நடுவில் அளவு சட்டென்று குறைகிறதோ அங்கேதான் துரு.

ஜீப்பில் அது பெரும்பாலும் இரண்டு இடத்தில் மாட்டும். ஒன்று விளக்குக்கும் தகட்டுக்கும் நடுவில். டிங்கரிங் முடிந்து பட்டி பூசி, பிரைமர் அடித்து, அதன்மேல் இரண்டு கோட் பெயிண்ட் அடித்த பிறகு விளக்கை அதன்மேலேயே உட்காரவைத்து நட்டை முறுக்கிவிடுவார்கள். பெயிண்டும் பட்டியும் மின்சாரத்தை விடாது. புதிதாக பெயிண்ட் அடித்து வந்த வண்டிக்கு முதல் வாரமே பின்விளக்கு போவதற்குக் காரணம் இதுதான். இரண்டாவது, பாடிக்கும் சேஸிஸுக்கும் நடுவில். பாடி, திண்டுகளின்மேல் உட்கார்ந்து போல்ட்டில் நிற்கிறது. பேட்டரியின் எர்த்தோ சேஸிஸுக்குப் போகிறது. போல்ட் துருப்பிடித்தால் பாடி முழுதும் அந்தரத்தில் நிற்கிற மாதிரிதான்.

சரிசெய்வது இப்படி. போல்ட்டைக் கழற்றி, இரும்பு வெள்ளையாகத் தெரியும்வரை சுரண்டுங்கள். பல் உள்ள நட்சத்திர வாஷர் போடுங்கள், அது முறுக்கும்போதே பெயிண்டைக் கிழித்துப் பிடித்துக்கொள்ளும். நன்றாக முறுக்கிய பிறகு மேலே கிரீஸ் அல்லது வாஸ்லின் தடவுங்கள். பாடியிலிருந்து சேஸிஸுக்குப் பின்னிய செம்புப் பட்டை ஒன்று போடுங்கள். இதோடு நிறுத்தாமல் நான் எப்போதும் சொல்வது, ஒவ்வொரு பின்விளக்கின் உடம்பிலிருந்தும் தனியாக ஒரு கறுப்பு எர்த் ஒயர் இழுத்து, சேஸிஸில் ஒரே போல்ட்டில் சேர்த்துவிடுங்கள் என்பது. 6 வோல்ட்டுக்கு 2.5 சதுர மில்லிமீட்டர், 12 வோல்ட்டுக்கு 1.5 போதும். "ஒரிஜினலில் இல்லையே" என்று தயங்குகிறவர்கள் ஒயரை உள்பக்கமாக மறைத்துக்கொள்ளலாம். நம் மழைக்கு இது இல்லாமல் முடியாது.

போகிற வழி

எர்த் சரியான பிறகும் விளக்கு மங்கல் என்றால் மற்ற பாதிக்கு வாருங்கள். மீட்டரின் ஒரு முனை பேட்டரி பாசிட்டிவில், மறுமுனை பல்பின் அடிக் காண்டாக்டில், விளக்கு எரியும்போதே. இங்கே 0.3 வோல்ட்டுக்குள் இருந்தால் திருப்தி. அரை வோல்ட்டுக்கு மேல் என்றால் வழியில் எங்கோ தின்கிறது.

6 வோல்ட் வண்டியில் ஏன் இவ்வளவு கறார் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. 21 வாட் பல்பு 12 வோல்ட்டில் 1.75 ஆம்பியர் இழுக்கும். 6 வோல்ட்டில் 3.5 ஆம்பியர். வழியில் துருவால் 0.3 ஓம் தடை சேர்ந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். 12 வோல்ட்டில் அரை வோல்ட் போகும், கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாது. 6 வோல்ட்டில் ஏறக்குறைய ஒரு வோல்ட் போய்விடும். இழை பல்பின் வெளிச்சம் வோல்ட்டேஜ் குறைவதைவிட மிக வேகமாகக் குறையும், 6இல் ஒன்று போனால் வெளிச்சத்தில் கிட்டத்தட்டப் பாதி போச்சு. "6 வோல்ட் வண்டின்னாலே மங்கல்தான்" என்று பலர் நம்புவதற்கு இந்தத் துருதான் காரணம். காண்டாக்ட் எல்லாம் சுத்தமாக உள்ள 6 வோல்ட் ஜீப்பின் பிரேக் லைட் பகலிலும் நன்றாகத் தெரியும்.

எர்த்தில் செய்ததுபோலவே படிப்படியாக அளந்து போங்கள்: மெயின் சுவிட்ச்சுக்குள் நுழையும் முனை, வெளிவரும் முனை, ஒவ்வொரு ஜாயின்ட். டேப் சுற்றிய இடத்தையெல்லாம் சந்தேகப்படுங்கள். பிரித்துப் பார்த்தால் செம்பு பச்சை பூத்து, கையில் பொடியாக உதிரும். ஒயரை நல்ல செம்பு தெரியும்வரை வெட்டிக்கொண்டே போக வேண்டும். சில சமயம் பச்சை ஒரு முழத்துக்கு உள்ளே ஏறியிருக்கும். அப்போது வெட்டுவதைவிட்டு முழு ஒயரையும் மாற்றுங்கள்.

பழைய துணி உறை ஒயரை வளைத்தால் உறை நொறுங்கினால் அதில் ஒட்டுவேலை வேண்டாம். ஒவ்வொரு முனையிலும் நம்பர் ஒட்டி, போட்டோ எடுத்துவிட்டு, புதிதாக இழுங்கள். ஜாயின்ட் சால்டர் செய்து சுருங்கும் குழாய் போட்டால் நல்லது, ஆனால் நம்மூர் கரண்டை நம்பி சால்டர் வைக்க முடியாது. ஒயர் முனையில் லக் என்னும் உலோக முனையை நசுக்கிப் பிடிக்கவைக்கும் நல்ல கிரிம்பிங் பிளையர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். ஒழுங்காக நசுக்கிய லக் சால்டருக்குக் குறைந்ததல்ல. வெறுமனே முறுக்கி டேப் சுற்றுவது மட்டும் கூடாது.

பிரேக் சுவிட்ச்

பழைய ஜீப்பில் பெடலை ஒட்டி சுவிட்ச் தேடினால் கிடைக்காது. பிரேக் ஆயிலின் அழுத்தத்தில் வேலை செய்யும் சுவிட்ச் அது, பெடலை மிதித்ததும் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரை ஒட்டி, டிரைவர் காலுக்குக் கீழே, சேறு அடிக்கிற இடத்தில் இருக்கும். இரண்டு ஒயர் போகும். பெடலை மிதித்ததும் ஆயில் உள்ளே ஒரு தகட்டைத் தள்ள, அது இரண்டு முனையையும் சேர்க்கும்.

சோதிக்க, இரண்டு ஒயரையும் கழற்றி ஒன்றோடொன்று தொடுங்கள். பிரேக் லைட் எரிந்தால் ஒயர் நல்லது, சுவிட்ச் செத்துவிட்டது. எரியவில்லை என்றால் டெஸ்ட் லாம்பின் ஒரு கிளிப்பை எர்த்தில் மாட்டி, மற்றதை ஒவ்வொரு ஒயரிலும் வைத்து, மின்சாரம் வருகிறதா பாருங்கள். வருகிறது என்றால் கோளாறு சுவிட்ச்சிலிருந்து பின்பக்கம் போகும் ஒயரில். வரவில்லை என்றால் முன்பக்கத்தில். எம்.பி. என்றால் இதைச் செய்வதற்கு முன் மெயின் சுவிட்ச் எந்த நிலையில் இருக்கிறது என்று பார்க்க மறக்காதீர்கள்.

இந்தச் சுவிட்ச் ஒரே நாளில் சாவதில்லை. முதலில் ஓங்கி மிதித்தால் மட்டும் எரியும். அதுதான் ஆபத்தான கட்டம். சிக்னலை நோக்கி மெதுவாக வேகம் குறைக்கும்போது பின்னால் இருப்பவருக்கு ஒன்றும் தெரியாது. சொந்தக்காரருக்கோ வீட்டு வாசலில் ஓங்கி மிதித்துப் பார்த்த திருப்தி. மெதுவாக அமுக்கிப் பார்க்கச் சொன்னது இதற்காகத்தான். பெடல் சிறிது இறங்கி பிரேக் பிடிக்கத் தொடங்கும்போதே விளக்கு எரிய வேண்டும்.

சுவிட்ச்சைக் கையால் தடவிப் பாருங்கள். முனைகள் பக்கம் ஆயில் பிசுபிசுப்பு இருந்தால் உள்ளே சவ்வு கிழிந்திருக்கிறது. இனி இது லைட் பிரச்சினை இல்லை, பிரேக் பிரச்சினை. மாற்றாமல் வண்டியை எடுக்காதீர்கள்.

மாற்றும் முறை: புது சுவிட்ச்சைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டு, சுற்றிலும் மண்ணைத் துடைத்துவிட்டு, பழையதைக் கழற்றுங்கள். ஆயில் ஒழுகும், கீழே பாத்திரம் வையுங்கள். சாதாரண பிரேக் ஆயில் பெயிண்டைத் தின்றுவிடும், பட்டால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். மரை பெரும்பாலும் 8இல் 1 அங்குல பைப் மரை, நுனி கூம்பியது. டெஃப்லான் டேப் சுற்ற வேண்டாம், துண்டு உதிர்ந்தால் பிரேக் லைனுக்குள் போகும். அதிகமாக முறுக்கினால் பழைய வார்ப்பு விரிசல் விடும். பிறகு ஆயிலை நிரப்பி, காற்றை வெளியேற்றி, பெடல் கெட்டியாக நிற்கிறதா என்று பாருங்கள். பஞ்சுபோல் அமுங்கினால் காற்று இன்னும் உள்ளே இருக்கிறது. சிலிகான் வகையான டாட் 5 ஆயில் ஊற்றிய வண்டிகளில் இந்தச் சுவிட்ச்சுகள் சீக்கிரம் போவதாகப் பழைய வண்டிக்காரர்களிடையே பேச்சு உண்டு. எதுவானாலும் சாதாரண டாட் 3 ஆயில், டாட் 5 இரண்டையும் கலக்காதீர்கள்.

புது சுவிட்ச்சும் சீக்கிரம் போகிறதென்றால் சுமையைப் பாருங்கள். 6 வோல்ட்டில் இரண்டு பிரேக் லைட் என்றால் 7 ஆம்பியர், ஒவ்வொரு மிதிக்கும் உள்ளே தீப்பொறி. சிறு மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடும் ஒரு ரிலே போட்டால் சுவிட்ச் வழியாக அற்ப மின்சாரம்தான் போகும். ரிலே வண்டியின் வோல்ட்டேஜுக்கு உரியதாக இருக்க வேண்டும். பெடலில் தட்டு மாட்டி, அதைத் தொடும் சாதாரண பிளஞ்சர் சுவிட்ச்சுக்கு மாறிக்கொள்வதும் உண்டு. ஒர்க்‌ஷாப் சயாக்கள் (மேஸ்திரிகள்) பலர் அதைத்தான் விரும்புகிறார்கள், ஆயிலில் கை வைக்க வேண்டியதில்லை என்பதால். ஓட்டுகிற வண்டிக்கு நானும் அதையே சொல்வேன்.

நேர்மாறாக, பிரேக் லைட் அணையவே மாட்டேன் என்கிறதா? சுவிட்ச்சைக் குறை சொல்வதற்கு முன் நான்கு சக்கர டிரம்மையும் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் லைனில் அழுத்தம் இறங்கவில்லை. பெடலுக்கு அரை அங்குலம் அளவு சும்மா ஆடும் இடம் இருக்க வேண்டும். அது இல்லையென்றால் மாஸ்டர் சிலிண்டர் முழுதாகத் திரும்பாது, பிரேக் பிடித்தபடியே ஓடும்.

ஃபியூஸ் அடிக்கடி போனால்

எம்.பி.யில் மெயின் சுவிட்ச்சோடு சேர்ந்து, சூடேறினால் தானே வெட்டி மறுபடி ஒட்டும் சர்க்யூட் பிரேக்கர் இருக்கும். விளக்குகள் மினுக்கி மினுக்கி எரிந்தால் எங்கோ ஷார்ட். பின்னால் வந்த வண்டிகளில் ஃபியூஸ் போகும். பெரிய ஃபியூஸ் மாட்டுவதும் சிகரெட் தாள் சுற்றுவதும் வண்டியை எரிக்கும் வழி.

ஃபியூஸைக் கழற்றி அந்த இடத்தில் உங்கள் 21 வாட் டெஸ்ட் லாம்பின் இரண்டு கிளிப்பையும் மாட்டுங்கள். பின்விளக்கு பல்புகளைக் கழற்றிவிட்டு சுவிட்ச்சைப் போடுங்கள். ஷார்ட் இருந்தால் டெஸ்ட் லாம்ப் முழுதாக எரியும், ஒயருக்குச் சேதமில்லை. இப்போது ஒயரைப் பின்பக்கத்திலிருந்து அசைத்துக்கொண்டே வாருங்கள். எந்த இடத்தை அசைக்கும்போது லாம்ப் அணைகிறதோ, அங்கே பிரியுங்கள். சேஸிஸ் ஓட்டை வழியாக ஒயர் நுழையும் இடம், ரப்பர் வளையம் காணாமல் போன இடம், சைலன்சர் பக்கம், விளக்கின் பின்வாசல், இவைதான் வழக்கமான இடங்கள். டிரெய்லர் சாக்கெட் இருந்தால் அதை முதலில் கழற்றிப் பாருங்கள். உள்ளே சேறும் பச்சையும் சேர்ந்து எல்லா ஊசியையும் ஒன்றாக்கியிருக்கும். டிரெய்லர் இழுக்காதவர்கள் அதைத் துண்டித்துவிடுவது உத்தமம்.

எல்.இ.டி. மாட்டலாமா

மாட்டலாம், எர்த்தைச் சரிசெய்த பிறகு. சரிசெய்யாமல் மாட்டினால் குறைந்த மின்சாரத்தில் எரிந்து கோளாறை மூடிமறைக்கும், துரு உள்ளே வளரும். 12 வோல்ட் எல்.இ.டி. 6 வோல்ட்டில் எரியாது. பாசிட்டிவ் எர்த் வண்டிக்கு அதற்கென்று செய்ததைத்தான் வாங்க வேண்டும். சாதாரண பல்புக்குத் திசை கிடையாது, இதற்கு உண்டு. சிவப்பு லென்ஸுக்குப் பின்னால் சிவப்பு எல்.இ.டி.தான் போட வேண்டும், வெள்ளை போட்டால் வெளுத்த ரோஸ் நிறமாக மாறிவிடும். மலிவானவற்றில் டெய்லுக்கும் பிரேக்குக்கும் வெளிச்ச வித்தியாசம் போதாது. கடையிலேயே பேட்டரியில் தொட்டு இரண்டையும் பார்த்து வாங்குங்கள்.

மூடுவதற்கு முன்

லென்ஸின் உள்பக்கத்தை சோப்புத் தண்ணீரில் கழுவுங்கள். விளக்கின் உள்ளே கறுத்துப்போன பிரதிபலிப்புத் தகட்டுக்கு வெள்ளை அல்லது வெள்ளிப் பெயிண்ட் அடித்தால் பல்பை மாற்றாமலே வெளிச்சம் கூடும். எர்த் காண்டாக்ட் இடத்தில் மட்டும் டேப் ஒட்டிவிட்டு அடியுங்கள். ரப்பர் கேஸ்கட் வெடித்திருந்தால் மாற்றுங்கள். எவ்வளவு மூடினாலும் நம் மழை உள்ளே வரும், ஆகவே விளக்கின் அடிப்பக்கத்தில் தண்ணீர் வடியும் ஓட்டை அடைபடாமல் இருக்கட்டும். சிலிகான் பேஸ்ட் அப்பி முழுதாக அடைத்துவிட்டால் உள்ளே போன தண்ணீர் வெளியே வராது. பல்பின் கழுத்திலும் காண்டாக்டிலும் லேசாக வாஸ்லின் தடவி மாட்டுங்கள்.

கடைசியாக, எல்லாம் சரியாக இருந்தும் பல்புகள் மட்டும் மாதத்துக்கு ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தால் பின்பக்கத்தை விட்டுவிட்டு எஞ்சின் பக்கம் வாருங்கள். எஞ்சினைக் கொஞ்சம் வேகமாக ஓடவிட்டு பேட்டரி கம்பங்களில் அளந்து பாருங்கள். 6 வோல்ட் வண்டியில் 7.2 அல்லது 7.4, 12 வோல்ட்டில் 14.4 வரை இருக்கலாம். 6 வோல்ட் வண்டியில் 8ஐத் தாண்டினால் சார்ஜ் வோல்ட்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் பழுது. அதைச் சரிசெய்யும்வரை புது பல்பு வாங்கிப் பிரயோஜனமில்லை. பேட்டரியும் கொதித்து வற்றிக்கொண்டிருக்கும், மூடியைத் திறந்து தண்ணீர் மட்டத்தையும் பார்த்துவிடுங்கள்.